ஓரத்தில் நின்ற பெரியம்மா

வானொலி வேலைக்கு வந்தபோது, முகம் காட்டாமல் பிழைக்கலாம் என்றுதான் நினைத்தேன். காலை நிகழ்ச்சிக்கு அவசரமாக ஓடிவந்து, தலையைக் கூடச் சரியாக வாராமல் ஒலிபரப்புக் கூடத்தில் உட்காரலாம். நேயர்களுக்குக் குரல் இருந்தால் போதும். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது நிகழ்ச்சி முடிந்ததும் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு நேராகக் கணினி முன் உட்காருகிறேன். அன்றைய விருந்தினர் படம், போட்டியில் வென்றவர் படம், நேயர்கள் அனுப்பிய படம் எல்லாவற்றையும் நிலையத்தின் அகப்பக்கத்தில் ஏற்ற வேண்டும். அறிவிப்பாளர்தான் படப் பிரிவும்.

கடந்த ஆண்டு தீபாவளி வாரத்தில், ‘உங்கள் குடும்பப் படத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், அகப்பக்கத்தில் போடுகிறோம்’ என்று காற்றலையில் சொன்னோம். படங்கள் வந்து குவிந்தன. தினமும் பதினைந்து படங்களைத் தேர்ந்தெடுத்து ஏற்றினேன். வாரக் கடைசியில், விளம்பர இடைவேளையின்போது, பேராக்கிலிருந்து ஓர் அக்கா அழைத்தார்.

“தங்கச்சி, எங்க குடும்பப் படம் போட்டிருக்கீங்க, ரொம்ப நன்றி. ஆனா எங்க பெரியம்மா எங்கே?”

நான் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அழகான சதுரப் படம். நடுவில் தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில். பின்னால் மகன்கள், மருமகள்கள். தரையில் பிள்ளைகள். இடது ஓரத்தில் ஒரு பையனின் பாதி முகம். எண்ணிப் பார்த்தால் பாதி முகத்தையும் சேர்த்துப் பதின்மூன்று பேர்.

“நாங்க பதினாலு பேரு. பெரியம்மா வலது பக்கம் ஓரத்துல நின்னாங்க.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார். பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் விடியற்காலையிலேயே பால் மரம் வெட்டப் போய்விடுவதால், வீட்டுப் பிள்ளைகள் ஐவரையும் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தது அவர்தான். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் தீபாவளிச் சமையல் அவருடையதே. படம் அகப்பக்கத்தில் வருகிறது என்று தாமானில் பத்து வீட்டுக்காவது அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். பிறகு பேரன் கைத்தொலைபேசியில் திறந்து காட்டியிருக்கிறான்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. ‘பரவால்ல, நான் எப்பவும் ஓரந்தானே’ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.”

விளம்பரம் முடிய எட்டு நொடிகள் இருந்தன. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, பிறகு அழைக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சிரித்த குரலில் அடுத்த பாடலை அறிவித்தேன்.

அந்தப் பெரியம்மாவை வெட்டியது யார்? நான் வெட்டவில்லை. எங்கள் தகவல் தொழில்நுட்பத் தம்பியும் வெட்டவில்லை. யாருமே கத்தரிக்கோலை எடுக்காமல் ஒருவர் படத்திலிருந்து போய்விட்டார். அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது.

எங்கள் அகப்பக்கத்தை இயக்குவது சி.எம்.எஸ். என்று சொல்லும் உள்ளடக்க மேலாண்மை முறை. பெயர்தான் பெரிது. நிரல் எழுதத் தெரியாத என்னைப் போன்றவர்களும் எழுத்தையும் படத்தையும் போட்டுப் பொத்தானைத் தட்டினால் பக்கம் வெளிவரும், அவ்வளவுதான். எங்களுடையது பல ஆண்டுகளுக்கு முன்பு செய்தது. படத்தை எப்படிக் கொடுத்தாலும் அப்படியே போட்டுவிடும்.

அதில்தான் முதல் சிக்கல். கைத்தொலைபேசி எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தின் அகலம் 4,000 புள்ளிகள், உயரம் 3,000 புள்ளிகள். பெருக்கினால் 12 மில்லியன். கோப்பு 4, 5 எம்பி வரை வரும். ஒரு பக்கத்தில் பதினைந்து படம் என்றால் 75 எம்பிகூட ஆகலாம். கோலாலம்பூரில் வேகமான இணையத்தோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெரியவில்லை. தோட்டத்துப் பக்கம், டாப்பாப் போட்டுப் பார்க்கும் நேயருக்குப் பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். கையிருப்புத் தரவும் கரைந்துவிடும். அதே படத்தை 1,200க்கு 900 என்று குறைத்தால் 1.08 மில்லியன் புள்ளிகள். ஏறக்குறையப் பதினொன்றில் ஒரு பங்கு. கைத்தொலைபேசித் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆகவே தீபாவளிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, படத்தை ஏற்றியவுடன் தானாகவே அளவு மாற்றும் வசதியைத் தம்பி சேர்த்துக் கொடுத்தார். கட்டுரைக்கு ஓர் அளவு. பட்டியலில் காட்ட 600க்கு 600 சதுரம். முகப்புக்கு 16:9 என்ற அகலமான சட்டம். பக்கம் பட்டென்று திறந்தது. எல்லாப் படங்களும் ஒரே அளவில், சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. நாங்கள் மகிழ்ந்து போனோம்.

ஆனால் 4,000க்கு 3,000 படத்தைச் சதுரமாக்க வேண்டுமானால் குறைத்தால் மட்டும் போதாது, வெட்டவும் வேண்டும். கருவிக்கு யார் முக்கியம் என்று தெரியாது. நடுதான் முக்கியம் என்று வைத்துக்கொள்கிறது. இடதில் 500 புள்ளி, வலதில் 500 புள்ளி. படத்தில் கால்வாசி போய்விடும். அந்த வலது 500 புள்ளிக்குள்தான் பெரியம்மா நின்றுகொண்டிருந்தார்.

நின்ற வாக்கில் எடுத்த படத்துக்கு நிலைமை இன்னும் மோசம். 3,000க்கு 4,000 படத்தை 16:9 சட்டத்துக்குள் அடைத்தால் பாதிக்கும் மேல் போய்விடும். அதே வாரத்தில் தலையில்லாத மணமக்களையும் நாங்கள் முகப்பில் போட்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்தபோது பத்திரிகைப் படம் பற்றி ஒரு பாடம் இருந்தது. விரிவுரையாளர் பழைய காலத்துப் படப்பிடிப்பாளர். ‘ட’ வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளைக் கொண்டுவருவார். அச்சிட்ட படத்தின் மேல் இரண்டையும் சட்டம்போல் எதிரெதிராக வைத்து, நெருக்கியும் விலக்கியும் நகர்த்துவார். எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ அதுதான் பத்திரிகையில் வரும் படம். “வெளியே தள்ளுவதை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தள்ளு” என்பார். அட்டையை நகர்த்தும்போது வெளியே போகிறவரின் முகம் கண்ணில் பட்டுத்தான் மறையும். எங்கள் புதிய வசதியில் அந்தக் கணம் இல்லை. யாரும் பார்க்காமலேயே தள்ளிவிட்டோம்.

இதற்காகக் கருவியின் மேல் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. அன்று பதினைந்து படத்தைப் பத்து நிமிடத்தில் ஏற்றினேன். வெளியிட்ட பிறகு பக்கத்தை ஒரு தரம் திறந்து, வந்த மின்னஞ்சலோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அந்த வாரம் தம்பியோடு உட்கார்ந்தேன். “அக்கா, நடுவுல வெட்டுறதுதான் எல்லா இடத்துலயும் வழக்கம்” என்றார். உண்மைதான். பிறகு, “வேணும்னா முகத்தைக் கண்டுபிடிச்சு அதைச் சுத்தி வெட்டுற மாதிரி செஞ்சிடலாம். தானாவே செஞ்சிடும்” என்றார்.

அப்போது டுவிட்டர் கதை நினைவுக்கு வந்தது. பெரிய படத்தின் எந்தப் பகுதியைக் காட்டுவது என்று தானே முடிவெடுக்கும் முறையை அந்த நிறுவனம் 2018இல் கொண்டுவந்தது. 2020 செப்டம்பரில், ஒரே படத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் இருந்தால் அது வெள்ளையர் பக்கமே சாய்கிறது என்று பயனர்கள் படங்களைப் போட்டுக் காட்டினார்கள். நிறுவனம் சோதித்துப் பார்த்து, சாய்வு இருப்பதை 2021 மே மாதம் ஒப்புக்கொண்டது. படத்தை எங்கே வெட்டுவது என்பதை மனிதர்களிடம் விடுவதே நல்லது என்ற முடிவுக்கும் வந்தது.

மனிதர் வெட்டினாலும் தவறு நடக்காமல் இல்லை. 2020 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் ஐந்து இளம் பருவநிலை ஆர்வலர்கள் சேர்ந்து நின்றார்கள். நடுப்பக்கம் கிரேட்டா துன்பர்க். ஓரத்தில் உகாண்டாவைச் சேர்ந்த வனேசா நகாத்தே. அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட படத்தில் நால்வர்தான் இருந்தார்கள். காணாமல் போனவர் அந்த ஐவரில் ஒரே கறுப்பினப் பெண். பின்னால் தெரிந்த கட்டடம் கண்ணை உறுத்தியதால் வெட்டியதாக விளக்கம் சொன்னார்கள். பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். கட்டடத்தை வெட்டத்தான் கை போயிருக்கும். பக்கத்தில் நின்றவரும் அதோடு போய்விட்டார்.

இதையெல்லாம் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பெரியம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே முக்கியமான ஒன்றைச் சொன்னார்.

“அக்கா, முகத்தைக் கண்டுபிடிச்சாலும் இந்தப் படத்துக்கு உதவாது. பதினாலு பேரும் இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் நிக்கிறாங்க. எங்க வெட்டினாலும் யாராச்சும் வெளியே போவாங்க.”

அளவைக் குறைப்பதும் வெட்டுவதும் ஒன்று என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். குறைத்தால் பதினாலு பேரும் கொஞ்சம் சிறிதாகிவிடுவார்கள். ஆனால் பதினாலு பேரும் இருப்பார்கள். வெட்டினால் மிச்சமிருப்பவர் பெரிதாகத் தெரிவார், ஒருவர் இருக்கமாட்டார். பந்தியில் சோறு போதவில்லை என்றால் எல்லாருக்கும் அளவாகப் பரிமாறுவது ஒன்று. ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரை எழுந்து போகச் சொல்வது இன்னொன்று. நாங்கள் இரண்டாவதைச் செய்திருந்தோம்.

இரண்டு வாரத்தில் தம்பி மாற்றிக் கொடுத்தார். முதலாவது, அசல் படத்தை இனிக் கருவி தொடாது. சிறியது, சதுரம், அகலம் எல்லாமே பிரதிகள்தான். இடத்தை மிச்சப்படுத்த முன்பு வெட்டிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அசலை அழித்துக்கொண்டிருந்தோம். பெரியம்மாவின் அசல் என் மின்னஞ்சலில் இருந்ததுதான் எங்கள் அதிர்ஷ்டம். பெட்டி நிரம்பிவிட்டது என்று அடுத்த நாள் பழையதைத் துடைத்திருப்பேன்.

இரண்டாவது, வெளியிடும் முன்பே மூன்று சட்டத்திலும் படம் எப்படி வரும் என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். விரிவுரையாளரின் இரண்டு அட்டைகள் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவது, படத்தில் எது முக்கியமோ அந்த இடத்தில் நான் ஒரு புள்ளி வைக்கலாம். கருவி அதைச் சுற்றி வெட்டும். மணமக்களின் முகத்தில் வைத்தால் தலை தப்பிக்கும். நான்காவது, ‘முழுப் படம்’ என்ற தேர்வு. அதைத் தட்டினால் வெட்டே கிடையாது. படம் முழுவதும் சிறிதாகிச் சட்டத்துக்குள் உட்காரும். மீதி இடத்தில் வெறும் நிறப் பட்டை வரும்.

நான்காவதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. மேலேயும் கீழேயும் பட்டை தெரிந்தால் பக்கம் அழகாக இல்லை என்றார் எங்கள் மேலதிகாரி. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு; உண்மையிலேயே அழகாகத்தான் இல்லை. நான் பெரியம்மா சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் வீட்டிலும் ஒரு பெரியம்மா இருந்திருக்க வேண்டும். பலகாரம், கோயில், கடற்கரைப் படங்களை வெட்டிக்கொள்ளலாம். நேயர்களின் குடும்பப் படம் என்றால் முழுப் படம்தான் என்று முடிவானது.

இன்னும் இரண்டு சின்ன வேலைகளும் சேர்ந்துகொண்டன. கைத்தொலைபேசியை எப்படிப் பிடித்து எடுத்தோம் என்ற குறிப்பு படக் கோப்புக்குள்ளேயே இருக்கும். அளவு மாற்றும்போது அந்தக் குறிப்பைப் படிக்காமல் தொலைத்துவிட்டால், நிற்கிறவர் படுத்துவிடுவார். எங்கள் பக்கத்தில் இரண்டு மாப்பிள்ளைகள் அப்படிப் படுத்திருந்தார்கள். அதே கோப்பில், படம் எடுத்த இடத்தின் விவரமும் இருக்கலாம். வீட்டு வரவேற்பறையில் எடுத்த படம் என்றால் அது வீட்டு முகவரி மாதிரிதான். இப்போது எங்கள் கருவி படத்தை நிமிர்த்திவிட்டு, இட விவரத்தைத் துடைத்துவிட்டுத்தான் வெளியிடுகிறது.

வேலை முடிந்தது. ஆனால் ‘நான் எப்பவும் ஓரந்தானே’ மட்டும் காதை விட்டுப் போகவில்லை. அந்தத் தீபாவளிக்கு வந்த எல்லாப் படங்களையும் மறுபடியும் திறந்து, ஓரங்களை மட்டும் பார்த்தேன்.

நீங்களும் உங்கள் வீட்டுப் படங்களை எடுத்துப் பாருங்கள். நடுவில் யார் என்பது நமக்குத் தெரியும். ஓரத்தில் யார்? எல்லாரும் நின்ற பிறகு, ‘வாங்க, வாங்க, நீங்க மட்டுந்தான் பாக்கி’ என்று கடைசியாகக் கூப்பிடப்பட்டவர். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வருகிறவர். கணவர் போன பிறகு நல்ல நாளில் நடுவில் நிற்கத் தயங்கும் அத்தை. புதிதாக வந்து இன்னும் கூச்சம் போகாத மருமகன். வீட்டோடு இருக்கும் தூரத்துச் சொந்தம். அந்த வீட்டு வேலையில் பாதியைச் செய்தவர்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். நடுவிலிருந்து வெட்டும் கருவி முதலில் தொடுவது இவர்களைத்தான். அந்தக் கருவிக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யாரும் இல்லை. ஆனால் நாம் நிற்க வைத்த வரிசையில்தான் அது வெட்டுகிறது.

என் வேலையையும் யோசித்தேன். நேயர் அழைப்பு நான்கு நிமிடம் வந்தால், ஒலிப்பதிவில் வெட்டி நாற்பது நொடியாக்குவது நான்தான். இருமலை வெட்டுவேன். தயக்கத்தை வெட்டுவேன். ‘இன்னொண்ணு சொல்லட்டுமா’ என்று தொடங்குவதை நேரமில்லை என்று வெட்டுவேன். வெட்டாமல் வானொலி நடத்த முடியாது. இப்போது வெட்டும் முன் கடைசி வரை ஒரு தடவை கேட்கிறேன். சில நேரம் அந்த ‘இன்னொண்ணு’தான் அவர் சொல்ல வந்தது.

இந்தத் தீபாவளிக்குக் குடும்பமாகப் படம் எடுக்கும்போது சிலவற்றை மனத்தில் வையுங்கள். இரு ஓரங்களிலும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு எடுங்கள். எந்தச் சதுரத்துக்குள் போய் விழும் என்று நமக்குத் தெரியாது. புலனத்தில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அச்சிடவோ பெரிதாக்கவோ வேண்டுமானால் ஆவணமாக அனுப்புங்கள். சிறிதான படத்தை மறுபடி பெரிதாக்கினால் போன விவரம் திரும்பி வராது. அசலை ஓர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சமையலறையில் இருப்பவரை முதலில் கூப்பிட்டு நடுவில் நிறுத்துங்கள். அவர் வர மாட்டேன் என்பார். கையைப் பிடித்து இழுத்து வாருங்கள்.

அந்தப் பெரியம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். புதிய வசதிக்கெல்லாம் காத்திராமல், அன்று மாலையே தம்பி அசல் படத்தைக் கையால் சரிசெய்து, பதினாலு பேரோடும் மறுபடி ஏற்றினார். மறுநாள் அந்த அக்காவை அழைத்து, பெரியம்மாவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன்.

“மன்னிச்சிடுங்கம்மா. இப்ப பாத்தீங்களா?”

“பாத்தேன்மா. எல்லாரும் இருக்கோம். ஆனா ஒண்ணு. அவசரத்துல கையில கரண்டியோட வந்து நின்னுட்டேன் போல. அசிங்கமா இருக்கு. அந்தக் கரண்டிய மட்டும் வெட்டிவிட முடியாதா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். வலது ஓரத்தில், புதுச் சேலையோடு, கையில் குழம்புக் கரண்டி.

“கரண்டிய வெட்டினா உங்க கையும் சேர்ந்து போயிடும்மா.”

அந்தப் பக்கம் சிரித்தார்.

“அப்ப வேணாம். ரெண்டும் இருக்கட்டும்.”